அடைச்சா மதி

மே மாதத்தின் இரண்டாம் வாரத்தில், நித்தியதாரா வங்கியின் ஆனைக்கரைக் கிளையிலிருந்து கத்தரீனாளுக்கு ஒரு கடிதம் வந்தது. வாடிக்கையாளர்களிற் பலர் கடன் அட்டைக் கடனின் மெய்யான விலையைப் புரிந்துகொள்ளாமல் இருப்பது கண்டு வங்கி பெரிதும் வருந்துவதாகவும், அவ்வருத்தம் நீங்கும் வரையில் அவளுடைய சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் எடுக்க இயலாது என்றும் அதில் எழுதியிருந்தது. இவ்வாறு கணக்குப் பூட்டப்பட்டதற்கான காரணம், கடிதத்தின் தலைப்பிலேயே தடித்த எழுத்தில் இருந்தது: புரிதல் நிலுவை.

கத்தரீனாள் அதனை மூன்று முறை வாசித்தாள். பிறகு உறையைத் திருப்பி, உள்ளே வேறேதும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தாள். கேரளத்து மலையில் முப்பத்தோராண்டு ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவள் அவள். ஸ்டோரில் காயை நிறுக்கும் கணக்கப்பிள்ளை எந்த நாளில் அவளைப் பார்த்துச் சிரித்தாரோ, அந்த நாளில் எல்லாம் அவளுடைய சாக்கு ஒரு கிலோ குறைந்தது. ஆகையால் தன்மீது யாரேனும் வருத்தம் கொண்டால், அவர்களுடைய கை எங்கே இருக்கிறது என்று பார்ப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

இப்போது அந்தக் கை இருந்த இடம் மிகவும் மோசமான இடம். ஏப்ரல் முப்பதோடு அவளுக்கு வேலை முடிந்துவிட்டது. மே முப்பத்தொன்றுக்குள் எஸ்டேட் லயத்து வீட்டைக் காலிசெய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். மலையின் கீழே, தமிழ்நாட்டுப் பக்கம் கூடலூரில், இரண்டரை சென்டில் அவள் கட்டிய வீடு சுவரோடு நின்றிருந்தது. கம்பெனி தரவேண்டிய கிராஜுவிட்டியின் முதல் தவணை நாற்பதாயிரம், வருகின்ற வெள்ளிக்கிழமை அவள் கணக்கிற்கு வருவதாக இருந்தது. அதற்கு மறுநாள் சனிக்கிழமை கூரைக்குக் கான்கிரீட் போடுவதென்று கொத்தனார் நல்லதம்பியிடம் பேசி முடித்தாயிற்று. நாற்பதாயிரத்தில் ஒரு ரூபாய் குறைந்தாலும் மேலே ஏறமாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தார். ஜூன் பிறந்தால் மழை. மழைக்கு முன் கூரை இல்லையென்றால், சாவியைக் கொடுத்துவிட்டுக் கத்தரீனாள் நனையவேண்டியதுதான்.

கடிதம் ஒரு வழியும் சொல்லியிருந்தது. செவ்வாய்க்கிழமை ஆனைக்கரை வியாபாரிகள் மண்டபத்தில் ‘கடன்தெளிவு முகாம்’ நடைபெறும். அங்கே வந்து, தெளிவு பெற்று, ‘நான் புரிந்துகொண்டேன்’ என்னும் ஏழாம் எண் படிவத்தில் கையெழுத்திட்டால் பூட்டுத் திறக்கப்படும். கடிதத்தின் பின்பக்கத்தில், ஏலக்காய் அரிசியைவிடச் சிறிய எழுத்தில், ஏழாம் எண் படிவத்தில் கையெழுத்திட்டவர் தம் கணக்கிற்கு அடுத்து வரும் தொகையிலிருந்து அட்டைக்கடன் முழுவதையும் வங்கி எடுத்துக்கொள்ளச் சம்மதித்தவர் ஆவார் என்றும் இருந்தது. கையெழுத்துப் போட்டால் பாதிப் பணம் போகும்; போடாவிட்டால் முழுப் பணமும் உள்ளேயே கிடக்கும்.

இந்தக் கடன் வந்த கதை நீண்டதன்று. மகள் வினோவின் பிரசவத்திற்குக் கட்டப்பனை மருத்துவமனையில் இருபத்து நாலாயிரம் கட்டச் சொன்னார்கள். பணம் கட்டும் ஜன்னலுக்கு நேரெதிரே நித்தியதாரா வங்கி ஒரு மேசை போட்டிருந்தது. பில் கையில் கிடைத்தவர்கள் திரும்பினால் அந்த மேசையின்மேல்தான் விழவேண்டும். அப்படி அளந்து போட்டிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் டின்சி என்ற மலையாளப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் அட்டையை நீட்டி, “மாசம் ஆயிரத்தி இருநூறு அடச்சா மதி, சேச்சி” என்றாள்.

கத்தரீனாளுக்கு மலையாளம் புரியும்; மதி என்றால் போதும். ஆயினும் ‘அடைத்தல்’ என்ற சொல் அவள் காதில் தமிழாகத்தான் விழுந்தது. கடனை அடைத்தாயிற்று என்றால் தீர்ந்துவிட்டது என்று பொருள். ஆயிரத்து இருநூறு வீதம் இருபது மாதம் அடைத்தால் இருபத்து நாலாயிரம். அங்கேயே நின்று விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தாள், சரியாக இருந்தது.

இரண்டாம் மாதமே அவளுக்குச் சந்தேகம் பிறந்தது. வங்கியிலிருந்து வந்த செய்தி, ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்று கட்டினால் போதும் என்றது. மூன்றாம் மாதம் இன்னும் குறைத்துக் கேட்டது. கடன் கொடுத்தவன் தானாக ஒன்பது ரூபாய் விட்டுக்கொடுக்கிறான் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று அஞ்சி, அவள் குறைத்துக் கட்டவே இல்லை. இருபது மாதமும் ஆயிரத்து இருநூறாகவே கட்டினாள். இருபத்தோராம் மாதம் கிளைக்குப் போய், தீர்ந்ததற்கு ஒரு தாள் கேட்டாள். டின்சி இப்போது அங்கே நாற்காலி பெற்றிருந்தாள். கணினியைப் பார்த்து, இன்னும் பதினெட்டாயிரத்து நானூற்று எண்பத்தைந்து இருக்கிறது என்று சொன்னாள்.

“அடைச்சாச்சே, மக்ளே. மாசாமாசம் நீங்கதான அடைச்சாச்சுன்னு போன்ல சேதி விட்டிய?”

“அடச்சு எந்நு பறஞ்ஞா பைசா கெட்டி எந்நாணு சேச்சி அர்த்தம். கடன் தீர்ந்நு எந்நல்ல.” மலையாளத்தில் அடைத்தல் என்றால் பணம் கட்டுதல் மட்டுமே; தீர்த்தல் அன்று.

“எங்க பேச்சுல அடைச்சாச்சுன்னா தீந்துபோச்சுன்னுதான் அர்த்தம்.”

“அது தமிழ், சேச்சி,” என்று டின்சி இரக்கத்தோடு சொன்னாள். “பேங்கு மலையாளமாணு.”

சரியான தொகையை இன்னொரு முறை சொல் என்று கத்தரீனாள் கேட்டாள். பதினெட்டாயிரத்து ஐந்நூற்று நாற்பத்து நாலு என்றாள் டின்சி. ஒரு நிமிடத்திற்கு முன் வேறு தொகை அல்லவா சொன்னாய் என்றதற்கு, தொகை கேட்டால் அதற்கு விசாரணைக் கட்டணம் ஐம்பதும் வரி ஒன்பதும் உண்டு என்று விளக்கினாள். அப்படியானால் இப்போது எவ்வளவு என்று கத்தரீனாள் தன்னையறியாமல் கேட்டுவிட்டாள். பதினெட்டாயிரத்து அறுநூற்று மூன்று. இந்த வங்கியில் எவ்வளவு என்று கேட்கக் கேட்க அவ்வளவு கூடும் என்பதை உணர்ந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு அன்று வெளியே வந்தவள்தான். செவ்வாய்க்கிழமை முகாமிற்கும் ஏறத்தாழ அவ்வாறே போனாள்.

லயத்திலிருந்து இன்னும் பதினொரு பெண்கள் வந்தார்கள். எல்லாரிடமும் அந்த அட்டை இருந்தது. எல்லாருடைய கணக்கும் பூட்டிக் கிடந்தது. பக்கத்துக் கதவுக்காரி சுருளியம்மாள் மட்டும், மத்தியானச் சாப்பாடு உண்டு என்று கடிதத்தில் போட்டிருப்பதால் புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். கத்தரீனாள் சொந்தப் பேனா, சொந்தத் தண்ணீர், மூக்குக்கண்ணாடி மூன்றையும் எடுத்துக்கொண்டு, கதவோரம் உட்கார்ந்தாள்.

அவளுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைக் கண்டதும் அவள் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கம்பத்திலிருந்து வாரந்தோறும் மோட்டார் சைக்கிளில் மலையேறி வந்து, லயம் லயமாக வட்டிக்குப் பணம் கொடுக்கும் செல்லத்துரை அவர். உங்களுக்கு இங்கே என்ன வேலை என்று அவள் கேட்டதற்கு, தொழில் கற்றுக்கொள்ள வந்தேன் என்று பணிவாகச் சொன்னார்.

முகாம் குத்துவிளக்கு ஏற்றுவதோடு தொடங்கிற்று. விளக்கிற்கு ஐந்து திரி; மேடையில் அதிகாரிகள் ஏழு பேர். பதவி மூப்பின்படி ஐவர் ஏற்றுவது என்றும், எஞ்சிய இருவர் ஏற்றப்பட்ட திரியை மெழுகுவத்தியால் தொட்டுப் பார்ப்பது என்றும் முடிவாயிற்று. இம்முடிவை எட்டுவதற்கு அரைமணி நேரம் சென்றது. அதற்குள் மின்விசிறி நான்கு திரிகளை அணைத்துவிட்டது. வாடிக்கையாளர்களின் அறிவில் ஒளி பரவியதாக வரவேற்புரையில் சொல்லப்பட்டது.

அதன்பின் மண்டல மேலாளர் ஜிபி எழுந்தார். தமிழ் மக்களுக்காகத் தமிழிலேயே பேச முயல்வதாக அவர் முன்னுரைத்தபோது அதிகாரிகள் கைதட்டினார்கள். நம்ம பேங்கு ஒன்றும் ஒளிப்பதில்லை என்று அவர் தொடங்கினார். எல்லாம் பின்பக்கத்தில் எழுதித்தான் தருகிறோம். திருப்பிப் பார்க்காதது யாருடைய குற்றம்? எழுத்துச் சிறியது என்று சிலர் குறைசொல்கிறார்கள். பெரிய எழுத்தில் அடித்தால் காகிதம் வேண்டும். காகிதத்திற்கு மரம் வேண்டும். மலையில் வாழ்கின்ற நீங்களா மரம் வெட்டச் சொல்கிறீர்கள்? இந்தக் கேள்வியை அவர் கேட்டுவிட்டு நெடுநேரம் சபையை நோக்கி நின்றார். முன்வரிசைப் பெண்கள் சிலர், மரம் ஏதும் வெட்டாதவர்களாயினும், தலைகுனிந்துகொண்டார்கள்.

“சில கஸ்டமர் உண்டு,” என்று அவர் குரலைத் தாழ்த்தினார். “பில்லு வந்நா உடனே முழுசும் கெட்டும். பின்னே நம்மளை நோக்கில்லா. அது ஸ்நேகம் ஆகுமா? ஞங்கள் ஆபீஸில் அவர்களுக்கு வறட்டுப் பசு எந்நு பேரு. நிங்கள் அப்படி அல்ல. கொஞ்சம் கொஞ்சமாய்க் கெட்டி, கெட்டி, கெட்டி, நம்மகூட எந்நும் இருக்கும். நிங்கள்தான் நித்திய வாடிக்கையாளர்.”

கறவைக்கென்று தாங்கள் கட்டிவைக்கப்பட்டிருக்கும் செய்தியை இவ்வளவு அன்போடு யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. சுருளியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கத்தரீனாள் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினாள்.

அடுத்து டின்சி திரையில் படங்கள் காட்டினாள். ‘கடனின் மெய்யான விலை’ என்று தலைப்பு வந்தது. அதன்கீழ் ஒரு குடும்பம் குடை பிடித்துக்கொண்டு கடற்கரையில் சிரித்தது. பிறகு ஒரு கார் சிரித்தது. குழந்தை ஒன்று உண்டியலை ஆட்டிச் சிரித்தது. கடைசிப் படத்தின் அடியில் ஓர் எண் தோன்றி, கண்ணிமைப்பதற்குள் மறைந்துவிட்டது. கத்தரீனாள் எழுந்து நின்று, அதைத் திரும்பக் காட்டும்படி கேட்டாள். இந்த இயந்திரம் முன்னோக்கி மட்டுமே போகும் என்று டின்சி சொன்னாள்.

“நாப்பத்து மூணு சொச்சம்னு ஒண்ணு ஓடுச்சே. அது என்னது?”

அது ஆண்டுச் சதவீதம் என்றும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை என்றும், மாதக்கணக்கில் பார்த்தால் வெறும் மூன்று புள்ளி ஆறுதான் என்றும் டின்சி ஆறுதல் சொன்னாள்.

நாற்பத்து மூன்று சதவீதம் என்பது கத்தரீனாளுக்கு ஒரு பொருளும் தரவில்லை. ஆனால் மாதம், நூறு, வட்டி என்ற மூன்று சொற்களையும் சேர்த்து வைக்க அந்த மலையில் யாரும் பள்ளிக்கூடம் போகவேண்டியதில்லை.

“அப்பம் நூத்துக்கு மாசம் மூணு ரூவா அறுவது பைசா வட்டின்னு சொல்லுதியளா?”

மண்டபத்தில் அதுவரை விசிறிக்கொண்டிருந்த காகிதங்கள் நின்றன. மெல்ல ஒரு நாற்காலி பின்னுக்கு நகரும் சத்தம் கேட்டது. செல்லத்துரை எழுந்து நின்றிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. தொழிலில் நீண்டகாலம் ஏமாற்றப்பட்டவனின் துயரம் இருந்தது.

“சார், நான் கம்பத்துல வட்டிக்கு விடுறவன். மூணு வட்டிதான் வாங்குறேன். அதுக்கே என்னைய ரெண்டு தடவ டேசன்ல உக்கார வச்சுட்டாக. நீங்க மூணு அறுவது வாங்கிக்கிட்டு வெளக்கு ஏத்துறீக. இந்த லைசென்சு எங்க சார் குடுக்குறாக?”

சபையில் சிரிப்புக் கிளம்பிற்று. ஜிபி ஒலிவாங்கியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். வட்டி வாங்குவது தவறான செயல் என்றும், நித்தியதாரா வங்கி இதுவரை ஒருவரிடமும் வட்டி வாங்கியதே இல்லை என்றும், தாங்கள் வாங்குவது நிதிக்கட்டணம் என்றும் விளக்கினார். இரண்டிற்கும் என்ன வேறுபாடு என்று செல்லத்துரை கேட்டார்.

“வட்டி எந்நு பறஞ்ஞா ஆளுகள் பயப்படும்,” என்றார் ஜிபி. “அதான் வித்தியாசம்.”

தொகை கேட்டதற்கு ஐம்பதுக்கு ஒன்பது வரி போட்டது போல நிதிக்கட்டணத்தின்மேலும் வரி உண்டா என்று கத்தரீனாள் கேட்டாள். உண்டு, ஆனால் அதை வங்கி எடுத்துக்கொள்வதில்லை, நாட்டிற்குப் போகிறது என்றார். அப்படியானால் வரியோடு நாலே கால் வட்டி என்று செல்லத்துரை மனக்கணக்காகச் சொல்லிவிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்வரிசையில் ஒருவரோடொருவர் விரல் மடக்கிப் பேசத் தொடங்கினார்கள். புரிதல், வங்கி திட்டமிட்டிருந்த அளவைக் கடந்து பரவுவதை மேடையிலிருந்து பார்த்த ஜிபி, பிற்பகலில் நடைபெறவேண்டிய பாராட்டு விழாவை அப்போதே தொடங்கும்படி கட்டளையிட்டார்.

மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகை கட்டிவந்த நாற்பத்தொரு நித்திய வாடிக்கையாளர்கள் மேடைக்கு அழைக்கப்பட்டார்கள். கேள்வி கேட்டவள் என்பதால் கத்தரீனாளை முதலில் கூப்பிட்டார்கள். அவள் தோளில் ஒரு பொன்னாடை விழுந்தது, புகைப்படம் எடுத்தார்கள், பொன்னாடை கழற்றப்பட்டுச் சுருளியம்மாள் தோளில் விழுந்தது. இவ்வாறு ஒரே பொன்னாடை நாற்பத்தொரு தோள்களைக் கௌரவித்து மீண்டும் வங்கியின் பெட்டிக்குள் போயிற்று. ஆளுக்கொரு பாராட்டுப் பத்திரம் மட்டும் கையிலேயே விடப்பட்டது. கெட்டித்தாள்; பொன்னிறக் கரை; மண்டல மேலாளரின் கையொப்பம்; வங்கியின் வட்டமுத்திரை.

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் பிரியாணிக்கு வரிசையில் நின்றார்கள். கத்தரீனாள் நிற்கவில்லை. கடன்கொடுத்தவன் கடன்காரிக்குப் பொன்னாடை போர்த்தும் காரணம் அவளுக்கு விளங்கவில்லை. விளங்காத இடத்தில் அவள் சாப்பிடுவதில்லை. சுவரோரம் உட்கார்ந்து, பாராட்டுப் பத்திரத்தின் பின்பக்கத்தை முதலில் வாசித்தாள். அங்கே ஒன்றுமில்லை. அதுவே சந்தேகத்திற்கு இடமாகியது. முன்பக்கத்தைத் திருப்பினாள்.

தமிழ் வாடிக்கையாளர்கள் மனம் மகிழவேண்டும் என்று வங்கி அதனைத் தமிழிலேயே அச்சிட்டிருந்தது. மலையாளத்தில் வாசகத்தை எழுதியவளும், அகராதியை வைத்துக்கொண்டு தமிழாக்கியவளும் டின்சிதான். தவணை தப்பாமல் பணம் கட்டியவர் என்று சொல்லுவதற்கு மலையாளத்தில் ‘குடிஸ்ஸிக இல்லாதெ அடச்ச’ என்று எழுதியிருந்தாள். குடிஸ்ஸிகவுக்கு அகராதி நிலுவை என்றது. அடச்சவுக்கு அகராதி வேண்டியிருக்கவில்லை. அதுதான் தமிழிலும் இருக்கிறதே. ஆகவே பத்திரத்தில் இவ்வாறு அச்சாகியிருந்தது:

‘நித்திய வாடிக்கையாளர் திருமதி கத்தரீனாள் அவர்கள் தம் கடன் அட்டைக் கடனை நிலுவை ஏதுமின்றி அடைத்துவிட்டார் என்று இதனால் சான்றளித்து, வங்கி மனமுவந்து பாராட்டுகிறது.’

கத்தரீனாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் வாசித்தாள். ஏதோ சூழ்ச்சி என்றுதான் முதலில் நினைத்தாள். நாலாவது முறை வாசித்தபின், சூழ்ச்சியாக இருந்தால் இவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருக்கமாட்டார்கள் என்று தெளிந்தாள். பத்திரத்தை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, ஏழாம் எண் படிவம் வாங்கும் மேசைக்குப் போனாள். சாப்பாட்டு வேளையாதலால் அங்கே டின்சியைத் தவிர யாருமில்லை.

டின்சி படிவத்தை நீட்டி, கையெழுத்திட வேண்டிய மூன்று இடங்களைப் பென்சிலால் சுழித்துக் காட்டினாள். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள் கத்தரீனாள். பதினெட்டாயிரத்துச் சொச்சம் நிலுவை இருப்பதைப் புரிந்துகொண்டேன் என்றிருக்கிறது.

“நிலுவை கெடையாதுன்னு நீங்க சீல் வச்சுக் குடுத்திருக்கியளே. அதை வேணா புரிஞ்சுக்கிட்டேன்னு எழுது, மக்ளே. மூணு இல்ல, முப்பது எடத்துல கையெழுத்துப் போடுதேன்.”

அவள் பத்திரத்தைப் பிரித்து, கையை விடாமல், தூரத்தில் பிடித்துக் காட்டினாள். டின்சி வாசித்தாள். தான் எழுதியதைத் தமிழ்க் காதோடு கேட்பது அவளுக்கு அதுவே முதல் முறை. எழுந்து போய் ஜிபியை அழைத்துவந்தாள். தமிழ் பேசுவாரேயன்றி வாசிக்கத் தெரியாத ஜிபி, அதன் பொருளை டின்சி மலையாளத்தில் சொல்லக் கேட்டார். கையில் இருந்த கோழிக்காலைத் தட்டில் வைத்தார்.

முதலில் அவர் சிரித்தார். மொழிகளுக்குள் முரண் வந்தால் இங்கிலீஷில் உள்ளதே செல்லும் என்பது வங்கியின் விதி என்றார். கத்தரீனாள் பத்திரத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இதில் இங்கிலீஷே இல்லையே என்றாள். பிறகு, இப்படிப்பட்ட அருமையான பத்திரம் நனைந்துபோகக்கூடும்; தந்தால் லேமினேஷன் செய்து தருகிறோம், முற்றிலும் இலவசம் என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் பத்திரம் மறுபடியும் ரவிக்கைக்குள் போயிற்று.

“சார், நான் இப்பம் மேடைக்குப் போயி இதை வாசிச்சு நன்றி சொல்லலாம்னு இருக்கேன். பெரிய மரியாதை செஞ்சிருக்கிய.”

ஜிபி திரும்பி மண்டபத்தைப் பார்த்தார். நாற்பது பேர் பிரியாணித் தட்டோடு நின்றார்கள். அதே வாசகத்தோடு நாற்பது பத்திரங்கள் நாற்காலிகளின்மேல் கிடந்தன. சிலர் அவற்றில் எலும்பு வைத்திருந்தார்கள். இதுவரை ஒருவரும் வாசிக்கவில்லை.

நன்றி வேண்டா என்றார் அவர். அம்மா வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கலாம். கணக்கு இப்போதே திறக்கப்படும். பத்திரத்தை மட்டும் தந்துவிட்டால் போதும். பணம் கைக்கு வரட்டும், கடன் இல்லை என்று சரியான தமிழில் ஒரு தாளும் வரட்டும், பிறகு தருகிறேன் என்று கத்தரீனாள் சொன்னாள். அவர் டின்சியைப் பார்த்தார். டின்சி கணினியில் ஏதோ தட்டினாள். கத்தரீனாளின் தொலைபேசி ஒலித்தது. ‘உங்கள் புரிதல் முழுமை பெற்றது’ என்று வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வங்கிக் கதவு திறந்தபோது, கத்தரீனாள் எட்டு மணியிலிருந்து அங்கே நின்றிருந்தாள். பணம் வந்ததும் அப்படியே முழுவதும் எடுத்தாள். ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் எண்பதையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பின்னால் நின்ற வரிசை வாசலைத் தாண்டி நீண்டது. கடைசித் தாளையும் பார்த்துமுடித்தபின் ஜீப் ஏறி, குமுளி வழியாக மலையிறங்கி, நல்லதம்பியின் கையில் பணத்தைக் கொடுத்தபிறகுதான் அவளுக்குப் பசித்தது.

சனிக்கிழமை காலை கூடலூரில் கான்கிரீட் கலக்கும் இயந்திரம் சுழலத் தொடங்கிற்று. சுருளியம்மாளும் மற்றப் பத்துப் பெண்களும் கைகொடுப்பதற்காக மலையிலிருந்து வந்திருந்தார்கள். கீழிருந்து மேல்வரை ஆட்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றிக்கொண்டிருந்தபோது, வங்கியின் கார் வந்து நின்றது. ஜிபி இறங்கினார். மேலே நின்ற கத்தரீனாளிடம் போவதற்கு அந்த வரிசையின் வழியாகத்தான் ஏறவேண்டும். ஏறியவர் இரண்டு பேருக்கு நடுவில் நின்றுவிட்டார். கீழே இருந்தவர் ஆள் பாராமல் சட்டியை அவர் கையில் வைத்தார். இறக்கி வைக்க இடமில்லை. அவர் மேலே கொடுத்தார். அதற்குள் அடுத்தது வந்தது.

“சார், நிறுத்திராதீக. கலவை இறுகிப்போகும்,” என்று மேலிருந்து நல்லதம்பி சொன்னார்.

வெள்ளைச் சட்டையோடு மண்டல மேலாளர் பகல் இரண்டு மணிவரை சட்டி மாற்றினார். அவர் யார் என்று விசாரிப்பதற்கு அங்கே யாருக்கும் நேரமில்லை. வேலை நன்றாகச் செய்கிறார் என்று மட்டும் பேசிக்கொண்டார்கள்.

கூரை நிரம்பியபின் அவர் கையைக் கழுவிக்கொண்டு, உறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். இந்த முறை டின்சியை நம்பாமல், கூடலூர்ப் பத்திர எழுத்தரிடம் காசு கொடுத்து எழுதி வாங்கியிருந்தார். கத்தரீனாள் மணற்குவியலின்மேல் உட்கார்ந்து வாசித்தாள். அட்டைக்கடன் முழுவதும் தீர்ந்தது என்றிருந்தது. அதன்கீழ், இதனை வங்கி தன் விருப்பப்படி மறுபரிசீலனை செய்யலாம் என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரி எதற்கு என்று கேட்டாள். எல்லாத் தாளிலும் அது இருக்கும், வெறும் வழக்கம் என்றார் ஜிபி. அப்படியானால் அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்திடுங்கள் என்று சொந்தப் பேனாவை நீட்டினாள். அவர் கொப்புளம் கண்ட விரல்களால் அடித்தார், கையெழுத்திட்டார். அடித்த தாள் புதிய தாள் என்பதால் அவள் மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். அதன்பிறகே பாராட்டுப் பத்திரம் கைமாறிற்று.

அவர் அதைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்துக் கான்கிரீட் இயந்திரத்தினுள் போட்டார். பிறகு, மிகவும் அந்தரங்கமான குரலில், இதை வேறு யாரிடமாவது காட்டினீர்களா என்று கேட்டார்.

“காட்டல, சார். இனிமே காட்டவும் முடியாதுல்லா.”

“மத்தவங்க யாரும் வாசிச்சுதா?”

“பேங்குக் காயிதத்தை ஆரு சார் வாசிக்கா?”

அவர் முகம் தெளிந்தது. வங்கி இத்தனை ஆண்டுகளும் நம்பிவந்தது அதைத்தானே. அலுவலகத்திற்கு அவர் எழுதிய அறிக்கையில், முகாம் வெற்றிபெற்றது என்றும், ஒரே ஒரு வாடிக்கையாளர் மட்டும் முழுமையாகப் புரிந்துகொண்டார் என்றும், அது மேலும் பரவாமல் உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது என்றும் குறிப்பிட்டார்.

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வளைவு திரும்பும் வரையில் கத்தரீனாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அது திரும்பி வராது என்று உறுதியானபின், கையில் இருந்த தாளை மடித்து வைத்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்திருந்த பெண்களிடம் போனாள்.

“சுருளி, பேங்குல குடுத்தாவள்லா ஒரு தங்கக்கரைக் காயிதம், அதை எங்கட்டி வச்சிருக்க?”

“சாமி படத்துக்குப் பக்கத்துல ஆணியடிச்சு மாட்டிருக்கேன்க்கா. எதுக்கு?”

“ராத்திரியே மலை ஏறுதோம். ஆணியை மெதுவாப் பிடுங்கு. சீலு கிழிஞ்சிரப்பிடாது.”